கேப்புக்கு முன்னால் எக்ஸ்ரே

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் ஓமலூர், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கிளினிக்குகளில் ஒரே கோரிக்கைதான்: "இந்தப் பழுப்புக் கறை போகணும் டாக்டர், கேப் போட்டு விட்டுடுங்க." காரணம் ஊரறிந்தது. பாறை இடுக்கில் ஊறும் போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு. இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்; அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் முளைத்ததே கறை பிடிக்கும் எனாமலோடுதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் அடுத்த தலைமுறையைக் காக்கலாம், முளைத்த பல்லை மாற்றாது.

நாற்பதைத் தாண்டிய நாமக்கல் லாரி ஓட்டுநருக்குக் கறையோடு இன்னொன்றும் இருக்கும். இரண்டு கருவிப் பிடிகளுக்கு நடுவே வைத்து அசைத்தால் கீழ் முன்பல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு பாதி வேர் வரை இறங்கிக் கிடக்கிறது. அந்தப் பல்லைச் செதுக்கிக் கேப் மாட்டுவது இருப்பதையும் தொலைக்கிற வேலை. முழு கேப்புக்காக முன்பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று 2002-இல் ஆய்வாளர்கள் ஏடல்ஹாஃபும் சோரன்சனும் அளந்து காட்டினார்கள். முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீருக்கு 3 முதல் 30 வரைதான்.

மாற்று வழி பழையதே. 1973-இல் ரோஷெட் என்ற பல் மருத்துவர், ஆடும் கீழ் முன்பற்களின் பின்புறம் துளையிட்ட உலோகத் தகட்டை ரெசினால் ஒட்டிப் பிணைத்தார். இன்று தகட்டின் இடத்தில் ஃபைபர் நாடா. ஆனால் முதலில் ஆழச் சுத்தம். ஆறு, எட்டு வாரம் பொறுத்து மறுபடி அளவு. ஆட்டம் அதிலேயே குறைவதுண்டு. பிறகுதான் பிணைப்பும், முன்புறக் கறைக்கு அதைத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷனோ, பல் நிறக் காம்போசிட்டோ. கறை படிந்த எனாமலின் மேற்படலம் அமிலத்துக்கு எளிதில் மசியாது. லேசாக உரசி, அமிலம் வைக்கும் எட்சிங் நேரத்தைக் கூட்டாவிட்டால், ஒட்டியது முகூர்த்தத்துக்கு முன்பே பெயர்ந்து கைக்கு வரும். ஈறு இறங்கிய இடத்துக் கறுப்பு முக்கோணங்களையும் காம்போசிட்டால் குறுக்கலாம், இடைப்பிரஷ் நுழைய வழி விட்டு.

காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கினாலும் வீச வேண்டியதில்லை. வேரை வெட்டி, அடைத்து மெருகேற்றி, அதே பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஃபைபரில் ஒட்டினால் அன்றே சொந்தப் பல்லோடு வீடு திரும்பலாம்.

எட்டு யூனிட் சிர்கோனியா கேப்பின் கட்டணம் இந்த வழியில் கிடைக்காது. பல் மருத்துவர் சங்கக் கூட்டங்களில் இந்தக் கட்டண வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை; பேசினால் நல்லது.

பிணைத்த பல்லுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை சுத்தம் கட்டாயம். ஓட்டுநரிடம் தேதி எழுதிக் கொடுப்பதைவிட, அடுத்த வடநாட்டு லோடு முடிந்து எப்போது திரும்புவார் என்று கேட்டுக் குறித்தால் வந்து சேர்வார்.