ஏழு நிமிடத்தைப் பார்த்துச் சிரித்தால் போதுமா?

மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' ஆவணப்படம் என்றதும் நம் தோழர்கள் சொல்வது அந்த ஏழு நிமிடத்தைத்தான். 2001 செப்டம்பர் 11 அன்று, உலக வர்த்தக மையத்தில் இரண்டாவது விமானமும் மோதிய செய்தி காதில் ஓதப்பட்ட பிறகும், புளோரிடா பள்ளி வகுப்பறை ஒன்றில் அதிபர் புஷ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நாம் சிரிக்கிறோம். எதிர்த்தரப்போ 'ஒருதலைப்பட்சமான பரப்புரை' என்கிறது. இரு தரப்புமே படத்தின் உண்மையான குற்றச்சாட்டைத் தவறவிடுகின்றன என்பதே என் வாதம்.

ஒருதலைப்பட்சம் என்பதில் எனக்குச் சங்கடமில்லை. ஆய்வேட்டுக்கு நாங்கள் தேடுவது ஆதாரத்தை; நடுநிலை வேடத்தை அல்ல. இராக்கில் பேரழிவு ஆயுதக் குவியல் இருக்கிறது என்றார்கள். 2003இல் படையெடுத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய பொய்யின் எதிரே ஒரு படம் மட்டும் நடுநிலை காக்க வேண்டுமாம்! தன் துணை நிறுவனமான மிராமாக்ஸ் அதை வெளியிடக் கூடாதென்று டிஸ்னி தடுத்தது. அதே 2004இல் கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்றது படம்.

குற்றச்சாட்டுக்கு வருவோம். 2001 ஜனவரி. புளோரிடாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது என்று கறுப்பின உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் ஒருவர்பின் ஒருவராக எழுகிறார்கள். ஆட்சேபம் செல்லுபடியாக அன்று ஒரேயொரு செனட்டரின் கையெழுத்து போதுமானதாக இருந்தது. ஜனநாயகக் கட்சியிலும் ஒருவர்கூடப் போடவில்லை.

அடுத்து, ஆலை வேலைகள் பறிபோன ஃப்ளின்ட் நகரம். படைக்கு ஆள்பிடிப்பவர்கள் வசதியானவர்களின் வணிக வளாகத்தை விட்டுவிட்டு, ஏழைகள் வரும் வளாகத்தில் இளைஞர்களை மடக்குகிறார்கள். 'உங்கள் பிள்ளையை இராக்குக்கு அனுப்புவீர்களா?' என்று மூர் மறித்துக் கேட்டால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நழுவுகிறார்கள். சேரியிலிருந்து மலக்குழிக்கு ஆளெடுக்கும் நாட்டில் வாழும் நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் குறையும் உண்டு. போருக்கு ஆதரவளித்த சிறு நாடுகளைக் கேலி செய்யும் இடத்தில் அந்நாட்டு மக்களையே நகைப்புக்குரியவர்களாக்குகிறது. புஷ் குடும்பத்தின் சவூதி வணிகத் தொடர்பைத் துருவும்போது, அரபியர் என்றாலே சந்தேகம் என்ற பொதுப்புத்திக்கும் தீனி போடுகிறது. இதைச் சொல்லாமல் பாராட்டுவது ரசிகர் மன்ற வேலை.

2001 அக்டோபர் 26இல் பேட்ரியாட் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார். படிக்காமலே அதற்கு வாக்களித்தவர்களுக்காக, ஐஸ்கிரீம் வண்டியில் சுற்றி ஒலிபெருக்கியில் அதை வாசிக்கிறார் மூர். அந்தக் கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 24இல், இங்கே வாஜ்பாய் அரசு பொடாவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்திருந்தது. 2004இல் பொடா போனது. அதன் பல பிரிவுகள் ஊபாவுக்குள் புகுந்தன. அதே ஊபாவின் கீழ் ஆனந்த் டெல்டும்டே சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி, 84 வயதில், பிணை கிடைக்காமல் காவலிலேயே இறந்தார்.

படம் வெளியான சில மாதங்களில் புஷ் மீண்டும் வென்றார். சிரிப்பு ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. தோழர்களே, படத்தைப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பிறகு, பயங்கரவாத ஒழிப்பின் பெயரால் வரும் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்துவைத்துக் கேளுங்கள்: இது யார் பிள்ளையைச் சாக அனுப்புகிறது, யார் பிள்ளையைச் சிறையில் தள்ளுகிறது?