முதற்கனி யாருக்கு?

ஆனி பிறந்துவிட்டால் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் மாம்பழ மணம் கமழ்கின்றது. இல்லங்களில் சுவாமிக்கு நிவேதனமான பழம் இலைக்கு வருகின்றது. அவ்வேளையில் பல வீடுகளில் மூத்தவர் ஒருவர், "எனக்கு வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்று கையை இழுத்துக்கொள்கிறார். மருத்துவர் விலக்கியிருந்தால் அது வேறு. விரல் நடுங்குகிறதே, சாறு வழிந்து வேட்டி கறைபடுமே, பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற கூச்சத்தால் வேண்டாம் என்பதே மிகுதி.

சாறு வழியும் பழத்தை உண்பதற்கு நம் முன்னோர் முறை வகுத்திருந்தனர். பழத்தை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைப்பர். காம்பை நீக்கி, அங்குள்ள பாலைப் பிழிந்து வெளியேற்றுவர். நிவேதனத்துக்கு உரியதை முதலில் தனியே எடுத்துவைப்பர். சப்பி உண்ணும் நாட்டுப் பழமாயின், முற்றத்து ஓரத்திலோ கிணற்றடியிலோ அமர்ந்து உண்பர். வலக்கை மட்டுமே எச்சிற்படும். தண்ணீர்ச் செம்பை இடக்கையால் எடுப்பர். உறிஞ்சும் ஓசை எழலாகாது. கொட்டையும் தோலும் இலையின் ஓரத்தில் ஒதுங்க வேண்டும். உண்ட இடத்தை நீர்விட்டுத் துடைத்த பின்னரே அடுத்த வேலை. பந்தியிலோ தோல் சீவி நறுக்கிய துண்டுகளையே பரிமாறுவர். விருந்தினர் கையும் வாயும் படாதபாடு படலாகாது என்பது கருத்து.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் இல்லங்களில் வேறொரு முறை இருந்தது. பழத்தைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் தோல் நீக்கி உண்பதும், விரல் நனைத்துக்கொள்ளச் சிறு கிண்ணத்தில் நீர் வைப்பதும் அவர்களுடைய பழைய விருந்து மரியாதை. வாய்க்காலின் இரு கரையிலும் கருவி வேறு, நோக்கம் ஒன்றே. உடன் உண்பவர் முகம் சுளிக்கலாகாது; உண்பவரும் நாணலாகாது.

இந்த நோக்கத்தின் உச்சத்தைக் காட்டியவர், இதே புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் வாழ்ந்த புனிதவதியார். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகள் வீட்டில் இருந்தன. பசியோடு சிவனடியார் ஒருவர் வந்தார். சோறு மட்டுமே ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. அம்மையார் ஒரு கனியைச் சோற்றுடன் இலையில் இட்டார். வந்தவர் மூப்பினால் தளர்ந்தவர் என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் மறவாமல் குறிக்கின்றார். கணவனுக்கென வந்த கனி, முதலில் ஒரு முதியவருக்கு உணவாயிற்று. பின்னர்க் கணவன் மற்றொரு கனியை உண்டு, இன்னொன்றையும் கேட்க, இறைவன் அருளால் அம்மையார் கையில் கனி வந்த அற்புதம் நிகழ்ந்தது. அற்புதத்துக்கு முன்னே நிற்பது முதியவருக்கு இட்ட அந்த முதற்கனியே.

அந்நிகழ்ச்சியை நினைந்து ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் வீட்டு மாடிகளிலிருந்து அன்பர்கள் மாங்கனிகளை வாரி இறைப்பர். கீழே நிற்போர் அவற்றைப் பிரசாதமாக ஏந்திக்கொள்வர்.

கனிக்காகக் கை நீட்டுவது அங்கே எவருக்கும் கூச்சம் தருவதில்லை. வீட்டிலும் அவ்வாறே அமைய வேண்டும். பெரியவர் கேட்பதற்கு முன்பே பழத்தைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, ஈரத்துணி ஒன்றை அருகில் வைத்து, அவர் இலையில் முதலில் இடுதல் இளையோர் கடமை. "வேண்டாம்" என்றால் இன்னும் ஒருமுறை அன்போடு சொல்லலாம். பெரியவர்களும் மறுக்காமல் ஏற்றல் நலம். கொடுப்பவருக்கு அறம் கிடைப்பது, பெறுபவர் கை நீட்டும்போதுதான். அன்று காரைக்காலில் அந்த அடியார் "வேண்டாம்" என்று எழுந்து போயிருந்தால், அம்மையாரின் அன்பு எவ்விடம் சென்று சேர்ந்திருக்கும்?