வழக்கின்றி வழங்கிய தண்டனை

1960இல் வெளிவந்த 'இன்ஹெரிட் தி விண்ட்' எனும் அமெரிக்கப் படம் கண்டேன். டார்வினைப் போதித்த குற்றத்திற்காக ஆசிரியர் கூண்டில் நிற்கிறார். 1925இல் டென்னசியில் நடைபெற்ற வழக்கே கதைக்குக் கரு. தண்டனை, 100 டாலர் அபராதம்!

எனினும், தோழர்களே, அங்கே வாதாட மன்றம் இருந்தது. ஸ்பென்சர் டிரேசி வடிவில் வழக்கறிஞர் இருந்தார். தடைச் சட்டமும் 1967இல் ஒழிந்தது. இங்கே? 2023இல் மத்தியப் பாடநூலின் பத்தாம் வகுப்பு ஏட்டிலிருந்து பரிணாமம் அகற்றப்பட்டது. கூண்டுமில்லை, வாதமுமில்லை, கத்தரிக்கோல் மட்டுமே! புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் அப்பாடத்திட்டத்தையே ஏற்றுவிட்டன. திருவேட்டக்குடியிலே தேசியத் தொழில்நுட்பக் கழகம். அதன் அருகே வாழும் மீனவச் சிறுவனோ மனிதன் வந்த வழி அறியான்!

பன்னிரண்டாம் வகுப்பில் உண்டே என்பர். உயிரியல் பயில்வோர்க்கு மட்டுந்தானே? அறிவுக்குமா கருவறை? இளைஞர்களே, ஏடு மறைத்ததை மன்றந்தோறும் எடுத்துரையுங்கள்!