எடை மெஷினில் ஏற்றித் திட்டுவது வைத்தியமா?



ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன் எடை பார்ப்பார்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்க, "தொண்ணூத்தி ரெண்டு!" என்று நர்ஸ் உரக்கச் சொல்வார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே போய் முட்டி வலி என்றால், "முதல்ல வெயிட்டைக் குறைங்கம்மா." மூச்சு வாங்குது என்றாலும் அதே பதில்தான்.

எடை கூடினால் சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் வர வாய்ப்பு அதிகம். டாக்டர் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா? மூச்சு வாங்குவது ரத்தசோகையாக இருக்கலாம், இருதயக் கோளாறாகவும் இருக்கலாம். எடை கூடுவதற்கே தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பிரஷர் பார்க்கும் பட்டையையே பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்க நேரிடும்.

2020இல் பல நாட்டு வல்லுநர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். எடை முழுக்க ஒருவரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அறிவியலுக்கு ஒத்துவராது, இழிவாக நடத்துவது உடல்நலத்தையே கெடுக்கிறது என்பது அதன் சாரம்.

ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பிள்ளைக்குப் பாடம் ஏறாது; நாளடைவில் பள்ளிக்கே வராது. பிள்ளைகளை அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. நோயாளியும் அப்படித்தான். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வலி முற்றிய பிறகே வருவார்.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். எடையைத் தனியாகப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வந்த நோயை முதலில் கேளுங்கள். எடையைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பெரிய பட்டை ஒன்றும், கைப்பிடி இல்லாத நாற்காலி இரண்டும் வாங்கிப் போடுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இதே வலியோட ஒல்லியா ஒருத்தர் வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதை எனக்கும் எழுதுங்க."

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.