விழுந்துவிடுவார் என்று படுக்க வைக்காதீர்கள்!

"வயசாயிடுச்சுங்க டாக்டர்... விழத்தானே செய்வாங்க!"

அப்பாவையோ அம்மாவையோ முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. இல்லம் நடத்துகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எடப்பாடியில் சித்த வைத்தியம் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு இது சம்மதமில்லை. வயது மட்டும் யாரையும் கீழே தள்ளிவிடாது. எரியாத விளக்கு தள்ளும். வழுக்கும் தரை தள்ளும். தூக்க மாத்திரை தள்ளும். பழியை மட்டும் வயதின் மேல் போட்டுவிடுகிறோம்!

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழநிக்கு நடந்தே போகிற ஊர் எங்களுடையது. தறி மிதித்தும், காட்டு வேலை செய்தும் உரமேறிய கால்கள். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் இன்று கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பத்தடி நடக்கப் பயப்படுகிறார். பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பூட்டிய வீட்டில் தனியாகக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால், சேர்த்தவுடன் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

உலகில் ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்குச் சொன்னது. 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களில் இது 30 முதல் 50 சதவீதம் வரை என்கிறது அதே நிறுவனத்தின் 2007-ம் வருட அறிக்கை. அங்கே இருப்பவர்கள் உடல் தளர்ந்தவர்கள். இடமும் புதிது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போய் வந்தவருக்கு, இங்கே கதவு எந்தப் பக்கம் என்பதே ராத்திரியில் குழம்பும்.

படுக்கை பாதுகாப்பா?

ஒரு முறை விழுந்தால் போதும், உடனே என்ன நடக்கிறது? "இனிமே எழுந்திரிக்க வேண்டாம் தாத்தா, எல்லாம் படுக்கைக்கே வரும்" என்கிறார்கள். நடக்கக்கூடியவருக்கே டயாப்பர் கட்டி விடுகிறார்கள். சில இடங்களில் துணியால் நாற்காலியோடு கட்டி வைப்பதும் உண்டு. பிள்ளைகளும் "பத்திரமா பாத்துக்கிறாங்க" என்று நிம்மதியடைகிறார்கள்.

இது பத்திரமே இல்லை! அமெரிக்காவில் சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. 2007-ல் வெளியான ஆய்வு இது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், 80 வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். படுத்துக் கிடந்தவர் என்றாவது ஒரு நாள் எழுவார். அன்றைக்குக் கால் தாங்காது. முன்பைவிட மோசமாக விழுவார்.

எங்கே கவனிக்க வேண்டும்?

இல்லத்துக்குப் போனால் சாப்பாட்டு அறையையும் பூஜை அறையையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கழிவறைக்குள் போய்ப் பாருங்கள். பிடித்து எழுவதற்குச் சுவரில் கம்பி இருக்கிறதா? தரை சொரசொரப்பாக இருக்கிறதா? வாசலில் படி தடுக்கிறதா? கட்டிலிலிருந்து அதுவரை ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறதா? மணி அடித்தால் வருவதற்கு ராத்திரியில் ஆள் உண்டா?

அடுத்தது மருந்து டப்பா. தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, சாதாரண சளி மாத்திரைகூடத் தள்ளாட வைக்கலாம். நான்கு வகைக்கு மேல் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு விழும் வாய்ப்பு அதிகம். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மொத்த டப்பாவையும் ஒரே டாக்டரிடம் காட்டி, "இதில் எது அவசியம்?" என்று கேளுங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால், எழுந்ததும் தலை சுற்றுவதன் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கண்புரை, சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம், தேய்ந்த ரப்பர் செருப்பு, காலில் சிக்கும் நீள வேட்டி... எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

நம் மருந்தும் தள்ளும்!

"நாட்டு மருந்துதானே, என்ன பண்ணிடும்?" என்று கேட்காதீர்கள். மலச்சிக்கலுக்கு நிலவாகைச் சூரணத்தை ராத்திரி கொடுத்தால், விடியற்காலை இருட்டில் அவசரமாக ஓடுவார். நீர்முள்ளிக் குடிநீரை மாலையில் கொடுத்தால், ராத்திரி நான்கு முறை எழுவார். ஏற்கெனவே தூக்க மாத்திரை போடுகிறவருக்கு அமுக்கராவும் சேர்ந்தால் மயக்கம் கூடலாம். நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள்.

எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். நல்ல பழக்கம், நிறுத்த வேண்டாம். ஆனால் வயதானவர் நின்றுகொண்டு குளிக்கக் கூடாது. அசையாத நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளங்காலில் எண்ணெய் படாமல் தேய்த்து, பக்கத்தில் ஒருவர் இருந்து குளிப்பாட்ட வேண்டும். தரையில் சிந்திய எண்ணெயைச் சீயக்காய் போட்டு உடனே கழுவிவிட வேண்டும்.

அப்படியும் விழுந்துவிட்டால்? அவசரப்பட்டுத் தூக்கி நிறுத்தாதீர்கள். காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் தொடை எலும்பு இடுப்போரம் முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள், கட்டும் போடாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... முதலில் எக்ஸ்ரே! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யார் பொறுப்பு?

பெற்றோர் பராமரிப்புக்காக 2007-ல் வந்த மத்திய சட்டம், வசதியற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது வேண்டும், அதில் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்கிறது. இல்லங்களின் தரத்தை வகுக்கவும் அரசுக்கு அதில் இடமிருக்கிறது. சோதனைக்கு வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணினால் போதாது, கழிவறைக் கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு யாரும் பேசலாம்.

பிள்ளைகளாகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கப்பா ஒரு தடவைகூட விழக் கூடாது" என்று மிரட்டினால், இல்லத்துக்காரர் பயந்துபோய் அவரைப் படுக்கையிலேயே வைத்துவிடுவார். அதற்குப் பதிலாக, "தினமும் எங்கப்பாவை எத்தனை தடவை நடக்க வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். காலையிலும் மாலையிலும் கைபிடித்துக் கொஞ்ச நேரம் நடை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முடிந்தவரை பத்து முறை. சாப்பாட்டில் பயறு, பால், முட்டை என்று ஏதாவது ஒன்று. இவ்வளவு போதும், கால் தெம்பாகும். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே அவர் பாத அளவுக்குப் பின்பட்டை வைத்த, வழுக்காத ஒரு ஜோடி செருப்பும் வாங்கிப் போங்கள். அதைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஒரு நடை கூட்டிப் போங்கள்.