தையல் பிரித்ததும் மூடப்படும் கோப்பு

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து குழந்தை உயிருடன் வீடு திரும்பிவிட்டால் அதையே முழு வெற்றியாகக் கணக்கெழுதும் வழக்கம் இந்திய மருத்துவ ஆய்வுலகை விட்டு இன்னும் அகலவில்லை. கடுமையான பிறவி இதயக் கோளாறில், கருவிலேயே மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறையக்கூடும். இங்கோ பலருக்கு அறுவை தாமதமாகி, நீலம் பாரித்த உடலுடன் ஆண்டுகள் கழிகின்றன. ஊட்டச்சத்துக் குறையும் சேர்ந்துகொள்கிறது. கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவற்றின் குறைகள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் வெளிப்படும். அப்போது வகுப்பறை சூட்டும் பெயர் 'மந்தம்'. (மார்புத் தழும்பைச் சட்டை மறைத்துவிடுகிறதே!) நுண்ணறிவு ஈவு சராசரியாக இருந்தால் போதும் என்போர், அந்த ஒற்றை எண் இக்குறைகளை மறைத்துவிடுவதைக் காண மறுக்கின்றனர்.

இக்குழந்தைகளுக்குத் தொடர் வளர்ச்சி மதிப்பீடு வேண்டுமென அமெரிக்க இதயச் சங்கம் 2012-லேயே வலியுறுத்தியது. 2013-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம், பிறவி இதய நோயையும் வளர்ச்சித் தாமதத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அதன் அங்கமே. ஆகவே வழியில்லை என்ற சாக்கு செல்லாது. அறுவை முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மையத்துக்கு ஒரு கட்டாயப் பரிந்துரைச் சீட்டு: இதைக் கேட்பது பேராசையா? வாழ்க்கைத்தரம் பற்றிப் பெற்றோரிடம் மட்டும் கேட்டுப் படிவம் நிரப்பும் ஆய்வேடுகளும் இக்குற்றத்தில் பங்காளிகளே. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் களைப்பைத் தானே சொல்லத் தெரியும், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாததையும்.