ஒரே சரிவு, ஊருக்கு ஒரு மண்!

பாகூர் பக்கத்து ஜனங்களுக்கு 2024 டிசம்பர் லேசுல மறக்காது. ஃபெஞ்சல் புயல் கொட்டின மழை போதாதென்று, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள்ளே பூந்தது. வடிஞ்சதும் நண்பனோட வயலைப் பார்க்கப் போனேன். ஆற்றோரம் முழங்கால் உயரம் மணல். நாலு வயல் தாண்டினா வெறும் களிமண் பூச்சு, காய்ஞ்சு அப்பளமா வெடிச்சுக் கிடந்தது. வந்தது ஒரே வெள்ளம். மண்ணைப் போட்டதுல மட்டும் எவ்வளவு ஓரவஞ்சனை பாருங்க!

இதே ஓரவஞ்சனை கடலுக்கு அடியிலும் உண்டு ஃப்ரெண்ட்ஸ். வில்லியனூர் வழியா வர்ற சங்கராபரணியும், பாகூரைத் தொட்டு ஓடுற பெண்ணையும் கொண்டுபோற வண்டல் கடல்ல சேருது. கொஞ்ச தூரம் ஆழமில்லாத மேடை. அப்புறம் கண்டச்சரிவு, சறுக்கு மரம் மாதிரி இறங்கும். அதுல புதுச்சேரி, கடலூர் பேரையே வச்ச கடலடிப் பள்ளத்தாக்குகளும் இருக்கு.

இந்த மாதிரி சரிவுகள்ல தங்கின ஈரச்சேறு, பூகம்பம் உலுக்கினாலோ, அடியில வாயு அழுத்தினாலோ, சமயத்துல தன் கனம் தாங்காமலோ சரிஞ்சிடும். பிய்ஞ்ச இடத்துல வெறும் தழும்பு. கொஞ்சம் கீழே, உடையாத பெரிய பாளங்கள். நடுவில் எல்லாம் கலந்த கூழ். அடிவாரத்துல, சுவத்துல முட்டின கோரைப்பாய் மாதிரி மடிப்பு மடிப்பா சேறு. கலங்கின நீரோட போற நைஸ் மண் இன்னும் பல நூறு கிலோமீட்டர் ஓடும். 1929ல கனடாவுக்குக் கிழக்கே சரிஞ்ச சேறு, கடலடித் தந்திக் கம்பிகள் 12ஐ ஒவ்வொண்ணா அறுத்துக்கிட்டே போச்சு. கூடவே வந்த சுனாமியில 28 பேர் பலி.

நம்ம ஏனாமுக்கு எதிர்க்கடல், கிருஷ்ணா-கோதாவரிப் படுகை, இதுக்கு நல்ல உதாரணம். 2006ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் அங்கே துளை போட்டப்போ, ஒரு இடத்துல சுமார் 130 மீட்டர் கனத்துக்கு, களிமண் விரிசல்களுக்குள்ளே மீத்தேன் ஐஸ்! கோவா தேசிய கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் அதே படுகையில சேறு சரிஞ்ச தடயங்களையும் காட்டினாங்க. கீழிருந்து சேறு முட்டி எழும்பின மேடுகள் அங்கே நிறைய. சரிஞ்சு வர்ற மண் மேட்டு மேல மெல்லிசா படியும், இடைப் பள்ளத்துல கனமா தங்கும்.

இதுல நமக்கென்னன்னு கேட்கறீங்களா? எவ்வளவு மண் சரிஞ்சதுன்னு தெரிஞ்சாதான் எவ்வளவு பெரிய அலை எழும்பியிருக்கும்னு கணக்குப் போட முடியும். ஒரே ஒரு துளையை நம்பினா, நண்பனோட கடைசி வயலை மட்டும் பார்த்துட்டு 'வெள்ளமா, சும்மா பூச்சுதான்'னு சொன்ன கதை. படுகை முழுக்க அளக்கணும்.

2004ல நம்மைத் தாக்கின சுனாமிக்குக் காரணம் பூகம்பம். அதுக்கப்புறம் 2007ல ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. பூகம்பம்தான் அதுக்கு முதல் மணி. ஆனா 2018 டிசம்பர்ல இந்தோனேசியாவின் அனக் கிரகடாவ் எரிமலையோட ஒரு பக்கம் கடல்ல சரிஞ்சப்போ, எச்சரிக்கும்படியா பெரிய பூகம்பமே இல்லை. செத்தவங்க 400 பேருக்கு மேல்.

நண்பன் மணலை வாரி வரப்போரம் குவிச்சிருக்கான். களிமண் விழுந்த வயல்ல மறுபடி நாத்து நட்டாச்சு.